பழைய இன்ஸ்டன்ட் கேமராவை ஊசித்துளைக் கேமராவாக மாற்ற எதை எடுப்பது?

அலமாரியின் மேல்தட்டில் இரண்டு மூன்று பழைய இன்ஸ்டன்ட் கேமராக்கள் தூசி படிந்து கிடக்கின்றன. ஒன்றின் ஷட்டர் வேலை செய்வதில்லை. இன்னொன்றுக்கு உரிய ஃபிலிமே இப்போது தயாராவதில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. லென்ஸைக் கழற்றிவிட்டு ஊசித்துளை வைத்தால் அவற்றுக்கு மறுவாழ்வு கிடைக்கும் என்பது தெரியும். எதைத் திறப்பது என்பதில்தான் தயக்கம்.

தயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் "எதைக் கழற்றுவது எளிது?" என்றுதான் கேட்கிறார்கள். நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். எந்த ஃபிலிமை உங்களால் தொடர்ந்து வாங்க முடியும்? அந்த ஃபிலிம் எவ்வளவு வேகமானது? ஊசித்துளை வைத்த பிறகு கேமரா என்பது ஓர் இருட்டுப் பெட்டியும், ஃபிலிமை நசுக்கி வெளியே விடும் இரண்டு உருளைகளும்தான். லென்ஸின் தரம், தானியங்கி ஒளி அளவி, கூர்மைப்படுத்தும் அமைப்பு எதற்கும் இனி வேலை இல்லை. மீதி எல்லாவற்றையும் ஃபிலிம்தான் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் ஃபிலிம் கிடைப்பது. போலராய்ட் நிறுவனம் 2008-இல் இன்ஸ்டன்ட் ஃபிலிம் தயாரிப்பைக் கைவிட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரிலிருந்த அதன் ஆலையைச் சிலர் சேர்ந்து காப்பாற்றி, 2010 முதல் மீண்டும் ஃபிலிம் கொண்டுவந்தார்கள். அதனால் போலராய்டின் 600, எஸ்எக்ஸ்-70 வகைச் சதுர ஃபிலிம்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. உரித்துப் பார்க்கும் பேக் ஃபிலிமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஃபியூஜிஃபில்ம் தன் கறுப்பு-வெள்ளை எஃப்பி-3000பி வகையை 2013-இல் நிறுத்துவதாகச் சொன்னது. வண்ண எஃப்பி-100சி-க்கு 2016-இல் அதே கதி. அதே நிறுவனத்தின் இன்ஸ்டாக்ஸ் மட்டும் மினி (1998), வைட் (1999), ஸ்கொயர் (2017) என்று வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

இரண்டாவது, ஃபிலிம் எப்படி வெளியே வருகிறது என்பது. கையால் இழுக்கும் கேமராவில் ஃபிலிமை வெளியே எடுக்க மின்சாரமே வேண்டாம். மோட்டார் தள்ளும் கேமராவில் ஷட்டரும் மோட்டாரும் ஒரே பொத்தானுக்குக் கட்டுப்பட்டவை. ஊசித்துளைக்கு நமக்கு வேண்டியதோ அந்த இரண்டையும் பிரிப்பது: படம் பிடிப்பது தனி, ஃபிலிமைத் தள்ளுவது தனி.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை: ஒளி ஃபிலிமின் எந்த முகத்தில் விழ வேண்டும் என்பது. போலராய்டின் சதுரப் படத்தில் எந்த முகத்தில் ஒளி விழுகிறதோ அதே முகத்தில்தான் படமும் தெரிகிறது. நேராக ஒளி விழவிட்டால் படம் இடம் வலமாகப் புரண்டிருக்கும். அதைத் திருத்தத்தான் அந்தக் கேமராக்களுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி இருக்கிறது. இன்ஸ்டாக்ஸில் நேர்மாறு: ஒளி முதுகுப் பக்கம் விழுகிறது, படம் முன்பக்கம் தெரிகிறது, கண்ணாடி தேவையில்லை. பேக் ஃபிலிமில் நெகட்டிவில் பதிந்த படம் எதிரிலுள்ள தாளில் ஒற்றி எடுக்கப்படுவதால் தானாகவே நேராகிவிடுகிறது. ஆக, போலராய்ட் சதுர ஃபிலிமை எடுத்துக்கொண்டால் கண்ணாடியோடு வாழ வேண்டும், அல்லது புரண்ட படத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். கடைப்பலகையின் எழுத்துகள் இடம் வலமாகப் புரண்டு தெரிவது சிலருக்குப் பொருட்டில்லை. முகங்களை எடுப்பவர்களுக்கு அது உறுத்தும்.

நான்காவது வேகம். ஊசித்துளை என்றாலே நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வருகிறார்கள். இன்ஸ்டன்ட் ஃபிலிமில் சிக்கலே எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் எண்; எஃப் எண் என்பது துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ்தான் ஷட்டர் நேரம். ஐஎஸ்ஓ 800 என்றால் 1/800 வினாடி. உங்கள் துளை எஃப்/174 என்றால், 174-ஐ 16-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 118. 118-ஐ 800-ஆல் வகுத்தால் சுமார் 1/7 வினாடி. ஷட்டருக்குப் பதிலாகத் துளையை மூடியிருக்கும் கறுப்பு அட்டையைக் கையால் திறந்து மூடும் மனிதரால் 1/7 வினாடியை ஒருபோதும் சரியாகக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு படமும் வெளுத்துப்போகும். முதல் ஃபிலிம் பெட்டி முழுவதையும் வெயிலில் வீணடித்தவர்கள் துளை பெரிதாகிவிட்டதோ என்று சந்தேகித்து மறுபடி துளையிடுகிறார்கள். பெரும்பாலும் துளையில் குற்றமில்லை.

கடைசியாக, மாற்றிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது. இதை ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சொல்கிறேன்.

கீழே உள்ள துளை விட்டங்கள், துளைக்கும் ஃபிலிமுக்கும் உள்ள தூரத்தை 0.00055 மி.மீ. என்ற ஒளி அலைநீளத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல் பெருக்கிக் கிடைத்தவை. இந்த 1.9 என்ற எண் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவின் கணக்கிலிருந்து வந்தது. தூரம் என்பது கழற்றிய லென்ஸ் இருந்த இடத்திலேயே துளையை வைப்பதாக எடுத்துக்கொண்டது. உங்கள் கேமராவில் அளவுகோல் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

| உடல் | ஃபிலிம் | தூரம் | துளை | எஃப் எண் | நல்ல வெயிலில் |
|---|---|---|---|---|---|
| பேக் ஃபிலிம் கேமரா | ஒளித்தாள், ஐஎஸ்ஓ 6 | 114 மி.மீ. | 0.48 மி.மீ. | 240 | 38 வினாடி |
| பேக் ஃபிலிம் கேமரா | எஃப்பி-100சி, ஐஎஸ்ஓ 100 | 114 மி.மீ. | 0.48 மி.மீ. | 240 | 2¼ வினாடி |
| 600 பெட்டிக் கேமரா | 600, ஐஎஸ்ஓ 640 | 106 மி.மீ. | 0.46 மி.மீ. | 230 | 1/3 வினாடி |
| 600 பெட்டிக் கேமரா | எஸ்எக்ஸ்-70, ஐஎஸ்ஓ 160 | 106 மி.மீ. | 0.46 மி.மீ. | 230 | 1.3 வினாடி |
| இன்ஸ்டாக்ஸ் மினி | ஐஎஸ்ஓ 800 | 60 மி.மீ. | 0.35 மி.மீ. | 174 | 1/7 வினாடி |
| இன்ஸ்டாக்ஸ் வைட் | ஐஎஸ்ஓ 800 | 95 மி.மீ. | 0.43 மி.மீ. | 219 | 1/4 வினாடி |
| தனிப் பெட்டி | இன்ஸ்டாக்ஸ், ஐஎஸ்ஓ 800 | 40 மி.மீ. | 0.28 மி.மீ. | 142 | 1/10 வினாடி |

நிழலுக்கு வந்தால் இந்த நேரங்களை எட்டால் பெருக்குங்கள். ஒரு வினாடியைத் தாண்டிய பிறகு ஃபிலிம் சோம்பலாகிவிடும். கணக்கு பத்து வினாடி என்று சொன்னால் பதினைந்து, இருபது என்று கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். வண்ண ஃபிலிமில் நிறமும் ஒரு பக்கம் சாயும்.

## பேக் ஃபிலிம் கேமரா

மாற்றுவதற்கென்றே செய்து வைத்தது போன்ற உடல் இது. 1963-இல் வந்த பேக் ஃபிலிம் வடிவத்துக்காக இரண்டு விதமான கேமராக்கள் வந்தன: துருத்தியோடு மடங்குபவை, கெட்டியான பிளாஸ்டிக் உடல் கொண்ட கலர்பேக் போன்றவை. இரண்டிலும் ஃபிலிம் வெளியே வருவது கையால். முதலில் வெள்ளை நாக்கை இழுக்க வேண்டும். பிறகு மஞ்சள் நாக்கைத் தயங்காமல் ஒரே சீராக இழுத்தால் படமும் நெகட்டிவும் உருளைகளுக்கு நடுவே நசுங்கி, ரசாயனப் பசை பரவி வெளியே வரும். ஷட்டருக்கான பழைய பேட்டரி இப்போது கிடைக்காது என்பதற்காகவே இந்தக் கேமராக்கள் பல வீடுகளில் மூலையில் கிடக்கின்றன. ஊசித்துளைக்கு அந்தப் பேட்டரியே வேண்டாம். லென்ஸையும் ஷட்டரையும் ஒரே தொகுதியாகக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த வட்டத்தில் துளைத் தகட்டை ஒட்டினால் வேலை முடிந்தது. தொகுதியைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்பப் பொருத்தவும் முடியும்.

கெட்டி உடலா துருத்தியா என்றால் நான் கெட்டி உடலையே எடுப்பேன். துருத்தியின் மடிப்பு மூலைகளில் வயதானால் விரிசல் விழும். வெளிச்சத்தில் பார்த்தால் தெரியாது. இருட்டறையில் துருத்திக்குள் ஒரு சிறு டார்ச்சை வைத்துப் பின்பக்கத்தை மூடினால், மூலையில் நட்சத்திரம் போல ஒன்றிரண்டு மின்னும். லென்ஸ் இருந்த காலத்தில் 1/100 வினாடி ஷட்டருக்கு அந்த நட்சத்திரங்கள் பெரிய தீங்கு செய்யவில்லை. 38 வினாடி திறந்து வைக்கும்போது ஒவ்வொன்றும் படத்தில் வெள்ளைத் திட்டாகிவிடும்.

இதன் மறைமுகச் செலவு ஃபிலிம்தான். மிச்சமிருக்கும் எஃப்பி-100சி எல்லாம் காலாவதியானவை. பசைப் பொட்டலம் காய்ந்திருந்தால் படத்தின் பாதியில் பசை நின்றுவிடும். பெட்டியிலுள்ள பத்துப் படங்களும் அப்படியே போகலாம். நான் ஒருமுறை அப்படியொரு பெட்டியைக் கிடைத்தற்கரிய பொருளாக வாங்கி வைத்திருந்து, நல்ல நாள் பார்த்துத் திறந்தேன். முதல் படத்தை உரித்தபோது கீழ் மூலையில் உள்ளங்கை ரேகை போலச் சில கோடுகள் மட்டும் நிறம் பிடித்திருந்தன; மீதி வெறும் பழுப்பு. பழைய ஃபிலிமை நம்பி இந்தக் கேமராவை மாற்றாதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஒளித்தாளை நம்பி மாற்றுங்கள். கறுப்பு-வெள்ளைப் படம் பிரதி எடுக்கும் சாதாரண ஒளித்தாளைச் சிவப்பு விளக்கில் 8.5 × 10.8 செ.மீ. அளவுக்கு வெட்டி, காலியான பழைய ஃபிலிம் பெட்டிக்குள் செருகிக் கேமராவில் வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு தாள். படம் பிடித்ததும் இருட்டுக்குத் திரும்பித் தட்டில் போட்டுக் கழுவினால் காகித நெகட்டிவ் கிடைக்கும். அதை ஸ்கேன் செய்து நிறம் புரட்டலாம், அல்லது இன்னொரு தாளோடு ஒட்டி வைத்து ஒளி காட்டிப் பிரதி எடுக்கலாம். இதில் 'உடனடி' என்பது போய்விடுகிறது. அது பெரிய இழப்புதான். ஆனால் தாள் மெதுவானது என்பதால் அட்டையைத் திறந்து மூடும் நேரத்தில் ஒரு வினாடி கூடக் குறையப் போனாலும் ஒன்றும் ஆகாது. தவறு செய்து கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான பொருள் இல்லை.

இருட்டாக்கக்கூடிய ஓர் அறையும், தட்டுகளில் ரசாயனம் கலக்கும் விருப்பமும் உள்ளவருக்கு இந்த உடல்தான். ஒரே படத்தை ஐந்து முறை மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்க ஆசைப்படுபவருக்கும் இதுதான். பிடித்த படத்தை அங்கேயே ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்பவருக்கு இது சரிவராது.

## போலராய்ட் 600 பெட்டிக் கேமரா

பழைய பொருள்களுக்கு நடுவே அதிகமாகக் கண்ணில் படுவது இதுதான். அதனால் பலரும் இதையே முதலில் திறக்கிறார்கள். நான்கு வகைகளில் எனக்கு மிகக் குறைவாகப் பிடித்தது இது. காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேமராவுக்குச் சொந்தப் பேட்டரி கிடையாது. ஃபிலிம் பெட்டியின் அடியில் தட்டையாக 6 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. அதனால் வாங்கும்போதே ஒரு பொறி காத்திருக்கிறது. ஐ-டைப் என்று எழுதிய ஃபிலிமில் பேட்டரி இல்லை. அது பழைய 600 உடலில் அசையவே அசையாது. தவறி வாங்கினால் எட்டுப் படங்கள் வீண்.

ஷட்டரும் மோட்டாரும் ஒரே சுற்றின் கட்டளைப்படி அடுத்தடுத்து இயங்குகின்றன. ஷட்டர் பகுதியைப் பிடுங்கி எறிந்தால் சுற்று தன் முறையை முடிக்காமல் நின்றுவிடக்கூடும். ஆகவே கம்பிகளை வெட்டாமல், ஷட்டர் தகடுகளை மட்டும் திறந்த நிலையில் பிடித்து நிறுத்திப் பாருங்கள். சோதனைக்கு, படம் தீர்ந்த பழைய ஃபிலிம் பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பேட்டரியில் பெரும்பாலும் இன்னும் உயிர் இருக்கும். ஒரு படம்கூடச் செலவில்லாமல் மோட்டார் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும்.

சாய்ந்த கண்ணாடியை எடுக்காதீர்கள். பழைய கண்ணாடியில் படிந்த தூசியை உரசித் துடைக்கவும் செய்யாதீர்கள். அதன் எதிரொளிக்கும் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, கீறல் விழும். ஊதி எடுப்பதே போதும்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக இந்த உடலில் ஒரு நன்மை இருக்கிறது. எஸ்எக்ஸ்-70 ஃபிலிம் பெட்டி 600 கேமராவுக்குள் அப்படியே நுழையும். சாதாரணமாக அப்படிப் போட்டால் வேகம் பொருந்தாமல் படம் இருண்டுபோகும். நம் கேமராவில் ஒளி அளவிக்கே வேலை இல்லை. ஐஎஸ்ஓ 160 என்ற அந்த மெதுவான வேகம்தான் நமக்கு வேண்டியது. வெயிலில் 1.3 வினாடி: 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும் நேரத்தில் அட்டையைத் தூக்கி மூடிவிடலாம். வடிகட்டி எதுவும் இல்லாமல் வெயிலில் கையாலேயே எடுக்கக்கூடிய, இன்றும் விற்பனையில் உள்ள இன்ஸ்டன்ட் ஃபிலிம் இந்தப் பட்டியலில் இது ஒன்றே.

ஃபிலிம் விலை உயர்ந்தது. பெட்டிக்கு எட்டே படங்கள். குளிரிலும் கடும் வெப்பத்திலும் நிறம் மாறுகிறது. தயாரிப்பாளர் 13 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை என்கிறார்கள். வெளியே வந்தவுடன் ஒளி படாமல் கவிழ்த்து வைத்து, வண்ணம் தேறும் வரை கால் மணி நேரம் விட வேண்டும். பெரிய சதுரப் படமும் அந்த மென்மையான நிறமும் உங்கள் மனத்தில் இருந்தால், உங்களிடம் ஏற்கெனவே ஒரு 600 பழுதாகிக் கிடந்தால், செய்யுங்கள். இதற்காகவே நன்றாக ஓடும் ஒரு 600-ஐத் தேடி வாங்கித் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

## இன்ஸ்டாக்ஸ்

திறப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இந்தக் கேமராவில் ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் ஒன்று இருக்கிறது. சுமார் 300 வோல்ட் வரை ஏறும். பேட்டரியை எடுத்து நெடுநேரம் ஆன பின்னும் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். மூடியைத் திறந்ததும் விரல் சாதாரணமாகப் போய்த் தொடும் இடத்திலேயே அதன் கால்கள் இருக்கும். முதலில் பேட்டரியை எடுங்கள். மூடியைத் திறந்ததும், உறை போட்ட கிளிப்புகளால் 1 கிலோ ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைக் கெபாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே சில வினாடி பிடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. ஸ்க்ரூ டிரைவரால் குறுக்கிட்டுத் தீப்பொறி பறக்கவிடுவது வேண்டாம். ஃபிளாஷ் உள்ள 600 கேமராக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மின்னணுப் பலகைகளைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியைப் படிப்பதோடு நிறுத்தி அடுத்த வழிக்குப் போய்விடலாம். அதில் குறை எதுவும் இல்லை.

பழக்கம் உள்ளவருக்கு இது நல்ல உடல். கண்ணாடி இல்லை, துளையும் ஃபிலிமும் நேருக்கு நேர். லென்ஸ் குழலை எடுத்து, ஷட்டர் தகட்டைத் திறந்த நிலையில் நிறுத்தி, முன்னால் துளைத் தகடும் அதற்கு மேல் நகரும் மூடியும் வைத்தால் போதும். மூடியைத் திறந்து மூடுவது படம்; மூடிய நிலையில் பொத்தானை அழுத்துவது ஃபிலிமை வெளியே தள்ள. ஃபிளாஷ் ஜன்னலின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள். பொத்தானை அழுத்தும் வரை ஃபிலிம் உள்ளேயே இருப்பதால் ஒரே ஃபிலிமில் இரண்டு மூன்று முறை மூடியைத் திறக்கலாம். வாசலில் ஒரு முறை, அதே ஆள் இரண்டடி நகர்ந்து நின்று இன்னொரு முறை என்று ஒருவரையே இருவராக்கலாம். கடையிலிருந்து வந்த இன்ஸ்டாக்ஸ் மினியில் பெரும்பாலும் முடியாத காரியம் இது.

ஐஎஸ்ஓ 800-தான் இதன் பிரச்சினை. வெயிலில் 1/7 வினாடி என்று மேலே பார்த்தோம். மூன்று படி ஒளியைக் குறைக்கும் (ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும்) சாம்பல் நிற வடிகட்டி ஒன்றைத் துளைக்கு முன் வைத்தால் 1.2 வினாடியாகும், கைக்கு வசமாகும். வடிகட்டி துளையோடு ஒட்டியபடியே இருக்கட்டும். ஊசித்துளையில் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒரே அளவில்தான் தெளிவாகும்; வடிகட்டியை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் அதன் மேலுள்ள தூசி வானத்தில் மங்கலான புள்ளிகளாக இறங்கிவிடும்.

மினியா வைடா? கையில் எது இருக்கிறதோ அது என்று சொல்லிவிட முடியாது. ஊசித்துளைப் படம் இயல்பாகவே மென்மையானது. 0.35 மி.மீ. துளை பதிக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ அதே அகலத்துக்குப் பரவுகிறது. 62 × 46 மி.மீ. படத்தில் அந்தப் பரவல் முகத்தையே தின்றுவிடும். 62 × 99 மி.மீ. வைட் படத்தில் தூரத்து மரங்களின் கிளைகள்கூட அடையாளம் தெரியும். இரண்டில் ஒன்றைத் தேடித்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் வைட் வாங்குங்கள். மினி ஃபிலிம் எங்கும் எளிதாகக் கிடைக்கிறது என்பது மட்டும் அதன் பக்கம் நிற்கும் நல்ல வாதம்.

அழுத்தியவுடன் ஒன்றரை நிமிடத்தில் படம் தேறிவிடும். கூட்டத்தில், குழந்தைகளோடு, பட்டறைகளில் பயன்படுத்த நினைப்பவருக்கு நான் இதையே சொல்வேன்.

## கேமராவைத் தொடாமல்

நான்காவது வழியில் கேமராவுக்கு ஒரு கீறல்கூட விழாது. அட்டையிலோ மெல்லிய மரத்திலோ ஊசித்துளைப் பெட்டி ஒன்றைத் தனியாகச் செய்துகொள்கிறீர்கள். ஒளி புகாத இருட்டுப் பைக்குள் கைகளை விட்டு இன்ஸ்டாக்ஸ் பெட்டியிலிருந்து ஒரு ஃபிலிமை உருவி, அந்தப் பெட்டியில் வைத்து மூடுகிறீர்கள். படம் பிடித்த பிறகு மறுபடி இருட்டுப் பைக்குள் அந்த ஃபிலிமைப் பழைய பெட்டியில் எல்லாவற்றுக்கும் முன்னால் செருகி, கேமராவில் பொருத்துகிறீர்கள். லென்ஸைக் கறுப்பு டேப்பால் மூடிப் பொத்தானை அழுத்தினால், கேமரா அதை முதல் மூடித்தாள் என்று எண்ணி உருளைகள் வழியே வெளியே தள்ளும். படம் தேறிவிடும்.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தவறு ஃபிலிமைத் திருப்பி வைப்பது. இன்ஸ்டாக்ஸுக்கு முதுகில்தான் ஒளி விழ வேண்டும். வெள்ளை ஓரம் உள்ள முகம் துளைக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். இருட்டில் கண் உதவாது. ரசாயனப் பொட்டலம் உள்ள அகன்ற ஓரம் விரலுக்குத் தடிப்பாகத் தெரியும். வீணான ஒரு ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பத்து முறை எடுத்து வைத்துப் பழகுங்கள். பொட்டலத்தை மட்டும் அழுத்திவிடாதீர்கள். பசை முன்னதாகவே கசிந்தால் அந்தப் படம் அத்தோடு முடிந்தது.

நேரம்தான் இந்த வழியின் செலவு. ஒரு படத்துக்கு இருட்டுப் பையில் இரண்டு முறை கை விட வேண்டும். பயணத்தில் நாளுக்கு மூன்று நான்கு படங்களே சாத்தியம், பெட்டிகள் பல செய்து எடுத்துச் சென்றால் ஒழிய. ஆனால் தூரத்தை நீங்களே முடிவு செய்யலாம். 40 மி.மீ. பெட்டியில் மினி ஃபிலிமை வைத்தால் அகன்ற கோணம் கிடைக்கும். மூலைகள் நடுப்பகுதியைவிட ஏறத்தாழ இரண்டு படி இருண்டிருக்கும், அதுவும் ஓர் அழகு. ஃபிலிமை வளைத்து வைக்கலாம். ஒரே பெட்டியில் இரண்டு துளை போடலாம். கேமரா நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் எனக்குத் தயக்கமே இல்லை: அதைத் திறக்காமல் இந்த வழியில் போங்கள்.

## திறக்க வேண்டாதவை

மடங்கும் எஸ்எக்ஸ்-70 கேமராவைத் திறக்க வேண்டாம். 1972-இல் வந்த அந்தக் கேமராவுக்கு இன்றும் ஃபிலிம் உண்டு. பழுது பார்ப்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்துக் கூர்மைப்படுத்தும் அதன் கண்ணாடி அமைப்பு மறுபடி யாரும் எளிதில் செய்யக்கூடியது அல்ல. ஓடாத ஒன்று கையில் இருந்தாலும் உதிரிப் பாகங்களுக்காக அதைப் பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது மேல்.

கோடாக்கின் இன்ஸ்டன்ட் கேமராக்கள் வேறு கதை. 1976-இல் வந்தவை, போலராய்ட் தொடுத்த காப்புரிமை வழக்கில் தோற்றபின் 1986-இல் நின்றுபோயின. ஃபிலிம் இல்லை, இனி வரப்போவதும் இல்லை. மனசாட்சி உறுத்தாமல் திறக்கலாம். ஒளித்தாளுக்கு நல்ல பெட்டி.

## துளையும் முதல் பெட்டியும்

எந்த உடலை எடுத்தாலும் துளை ஒன்றுதான். குளிர்பான டின்னின் தகட்டில் சிறு சதுரம் வெட்டி, அட்டையின் மேல் வைத்து, ஊசி முனையை முழுவதும் ஊடுருவாமல் அழுத்துங்கள். மறுபக்கம் குமிழ் எழும். அதை 600 எண் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி, மீண்டும் ஊசியை மெல்லச் சுழற்றுங்கள். அழுத்துவதும் தேய்ப்பதும் நான்கைந்து முறை மாறி மாறி நடக்கும்போது துளை வட்டமாகும், விளிம்பு மெலியும். விளிம்பின் பிசிறுதான் படத்தைக் கெடுக்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடக் குறையப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. அளப்பதற்கு ஸ்கேனர் போதும். 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 0.35 மி.மீ. துளை 33 புள்ளி அகலம் இருக்கும், 0.46 மி.மீ. துளை 43 புள்ளி. உட்பக்கத்தைக் கறுப்பு மையால் பூசுங்கள். தகட்டின் பளபளப்பு உள்ளே எதிரொளித்தால் படம் முழுவதும் புகை படிந்தது போலாகும்.

உடல் தயாரானதும் முதல் ஃபிலிம் பெட்டியைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். முதல் படம், மூடியைத் திறக்காமலே: கேமராவை வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டு ஃபிலிமைத் தள்ளுங்கள். முழுக் கறுப்பாக வந்தால் ஒளிக்கசிவு இல்லை. ஓரத்தில் வெளிச்சக் கோடு வந்தால் அந்தப் பக்கத்து மூட்டில் டேப் ஒட்டி மறுபடி பாருங்கள். அடுத்த மூன்று படங்கள் ஒரே காட்சியில், ஒரே வெளிச்சத்தில், கணக்கிட்ட நேரம், அதன் இரு மடங்கு, நான்கு மடங்கு. வெள்ளை ஓரத்தில் நேரத்தைப் பேனாவால் எழுதிவிடுங்கள். மூன்றில் எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதிலிருந்து மேலே உள்ள அட்டவணையின் நேரத்தை உங்கள் கேமராவுக்கு ஏற்பத் திருத்தி, கேமராவின் முதுகிலேயே ஒட்டி வையுங்கள்.